காயல் தந்த அரபுக் கவிஞர்

(பத்தாம் வகுப்பு மாணவி, அயோத்தியாப்பட்டணம்)

அரபு மொழிக் கவிஞர் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுபவை எவை? மணல்மேடு, ஒட்டகம், பேரீச்சமரம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் அன்புத் தோழியரே, நான் இங்கே எழுத எடுத்துக்கொண்ட அரபுக் கவிஞர் பிறந்த ஊரில் இருப்பவை தென்னையும் பனையும்தாம். திருச்செந்தூருக்குப் பக்கத்தில், கடற்கரையோரம் உள்ள காயல்பட்டினம்தான் அந்த ஊர். கவிஞரின் பெயர் சதக்கத்துல்லா அப்பா. 1632-ஆம் ஆண்டில் பிறந்து 1703-ஆம் ஆண்டில் மறைந்தவர்.

இவரை நான் அறிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குச் சிறிது வெட்கமும் உண்டு.

வகுப்பில் எங்கள் தமிழாசிரியை தேம்பாவணிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இத்தாலி நாட்டில் பிறந்த வீரமாமுனிவர் 3615 பாடல்களில் புனித சூசையப்பரின் காவியத்தைத் தமிழில் பாடியதைச் சொல்லி வியந்தார்கள். பிறகு, அதே காலத்தை ஒட்டி எழுந்த இன்னொரு பெருநூலாகிய சீறாப்புராணத்தைப் பற்றியும் சொன்னார்கள். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் அந்நூலில் 5027 பாடல்கள் உள்ளன. இரண்டு காவியங்களுமே மூன்று காண்டங்கள் கொண்டவை. சீறாவைப் பாடிய உமறுப்புலவர் எட்டயபுரத்தில் தமிழ் பயின்றவர். அவருக்கு அரபு மொழி தெரியாது. ஆகவே நபியின் வரலாற்றைக் கேட்டறிவதற்காகக் கீழக்கரையில் இருந்த சதக்கத்துல்லா அப்பா என்னும் அறிஞரிடம் போனார். அவரோ புலவரின் உடையையும் கோலத்தையும் பார்த்துவிட்டு, முதலில் மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். இவ்வளவு சொல்லிவிட்டு ஆசிரியை அடுத்த செய்யுளுக்குப் போய்விட்டார்கள்.

அப்போது என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி எழுந்து, "டீச்சர், அப்பாவும் ஒரு கவிஞர்தான்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. சேலம் கடைவீதியில் வியாபாரம் செய்யும் அவளுடைய தகப்பனாரைச் சொல்கிறாள் என்றே எல்லோரும் எண்ணினோம். நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் நான் மன்னிப்புக் கேட்டபோதுதான் அவள் விளக்கினாள். தன் தகப்பனாரை அவள் அழைப்பது 'வாப்பா' என்று. 'அப்பா' என்பது அவர்கள் பக்கத்தில் பெரிய மகான்களுக்கும் ஞானிகளுக்கும் மரியாதையாகச் சேர்த்துச் சொல்லும் பெயராம். அரபியில் பாடிப் புகழ்பெற்ற ஒருவரை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு தூய தமிழ்ச் சொல்லால்தான் அழைத்து வருகிறார்கள்! அதைக் கேட்டுச் சிரித்தது தமிழ் வகுப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். கீழக்கரையிலிருந்து பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்கள் அவர்கள். அவளுடைய உம்மம்மா, அதாவது தாயைப் பெற்ற பாட்டி, "வா மகளே, உட்காரு" என்று பாயை விரித்தார்கள். பச்சைத் துணியில் சுற்றிவைத்திருந்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்தார்கள். திறந்தால் எல்லாம் அரபு எழுத்து. எனக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டி வாசிக்கத் தொடங்கினார்கள். தோழியரே, நான் கேட்டது தமிழ்! எழுத்து அரபு, மொழி தமிழ். இதனை 'அரபுத்தமிழ்' என்றும் 'அர்வி' என்றும் சொல்கிறார்கள். அரபியில் ப, ங, ழ போன்ற ஒலிகளுக்கு எழுத்து இல்லை. ஆகவே அங்குள்ள எழுத்துகளுக்கே புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டார்களாம். அதன் பிறகு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு வேறொன்றை ராகத்தோடு ஓதினார்கள். அது அரபிதான். சதக்கத்துல்லா அப்பாவின் பாட்டு.

காயல்பட்டினம் மிகப் பழைய துறைமுகப் பகுதி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயல் துறைக்கு வந்து, அரபு நாடுகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து தங்குவதை எழுதிவைத்திருக்கிறார். அரபு வணிகர்கள் வந்தார்கள், சிலர் தங்கினார்கள், இந்நாட்டுப் பெண்களை மணந்தார்கள். அவ்வூர் அறிஞர்கள் தங்கள் ஊரை அரபியில் 'காஹிரா' என்று எழுதினார்கள். எகிப்தின் தலைநகரமாகிய கெய்ரோவுக்கும் அரபியில் அதுவே பெயர். அதனால்தான் சதக்கத்துல்லா அப்பாவின் பெயர் அரபு நூல்களில் 'அல்-காஹிரி' என்று முடிகிறது. விவரம் தெரியாத ஒருவர் பார்த்தால் கெய்ரோ நகரத்துக்காரர் என்றே எண்ணுவார். இதைக் கேட்டு எனக்கு நம் ஊரின் நினைவு வந்தது. சரயு நதிக்கரையில் ஓர் அயோத்தி இருக்க, சேலத்துக்குக் கிழக்கே கோதண்டராமர் கோயிலைச் சுற்றி நாமும் ஓர் அயோத்தியை வைத்துக்கொண்டிருக்கவில்லையா?

சதக்கத்துல்லா அப்பாவின் தந்தையார் சுலைமான் வலியுல்லாஹ். பிள்ளைகள் ஐவரும் கல்வியிலும் ஞானத்திலும் சிறந்து விளங்கியவர்கள். அவர்களுள் சாம் சிகாபுத்தீன் என்பவர் சாதாரண மக்களும் பெண்களும் பாடி மனத்தில் இருத்திக்கொள்ளும்படி தமிழில் மாலைகளைப் பாடினார். சதக்கத்துல்லாவோ அரபியில் பாடினார். ஒரே தாயின் மடியில் ஒரே தமிழைக் கேட்டு வளர்ந்த இரு சகோதரர்கள். ஒருவர் வீட்டு வாசலில் இருப்பவர்களுக்காகப் பாட, மற்றவர் கடலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி பாடினார் என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இப்பொழுது அவருடைய கவிதையைப் பார்ப்போம். எனக்கு அரபி தெரியாது. தோழியும் அவள் வீட்டாரும் விளக்கியதைக் கொண்டே எழுதுகிறேன்.

பாக்தாதைச் சேர்ந்த கவிஞர் ஒருவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நபியைப் புகழ்ந்து 'வித்ரிய்யா' என்னும் நூலைப் பாடினார். 'வித்ரு' என்றால் ஒற்றைப்படை எண். அரபு எழுத்துகளை வரிசையாக வைத்துக்கொண்டு, எழுத்துக்கு இருபத்தொரு பாட்டு வீதம் பாடியிருக்கிறார். அரபு எழுத்துகள் 28. லாம், அலிப் என்னும் இரண்டும் இணைந்த எழுத்தையும் சேர்த்து 29 என்று அந்நூல் கணக்கிடுகிறது. ஆகவே 29-ஐ 21-ஆல் பெருக்க 609 பாடல்கள். ஒவ்வொரு பாடலும் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்திலேயே முடியவும் வேண்டும். நம் யாப்பில் சொல்வதானால், மோனைக்கு உரிய இடத்தையும் இயைபுக்கு உரிய இடத்தையும் ஒரே எழுத்தால் கட்டிப்போடுவது போன்றது. அப்படி 609 தடவை!

பாக்தாதின் கவிஞர் கட்டிய இந்தக் கட்டடத்துக்கு நானூறு ஆண்டுகள் கழித்து நம் காயல்பட்டினத்துக் கவிஞர் முன்மண்டபம் கட்டினார். அதற்குத் 'தக்மீஸ்' என்று பெயர். 'கம்ஸா' என்றால் அரபியில் ஐந்து. தக்மீஸ் என்றால் ஐந்தாக்குதல். பழைய கவிஞரின் பாட்டில் இரண்டு அடிகள் இருக்கும். புதிய கவிஞர் அந்த இரண்டையும் ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது. அவற்றுக்கு முன்னால் தம்முடைய மூன்று அடிகளைப் பாடிச் சேர்க்க வேண்டும். அம்மூன்றும் பழைய முதலடியின் ஓசையிலேயே முடிய வேண்டும். பொருளும் வழுக்கிக்கொண்டு போய்ப் பழைய அடியில் விழ வேண்டும். இடையில் ஒட்டுப்போட்டது தெரியக் கூடாது. 609 பாடல்களுக்கு மும்மூன்று அடிகள் என்றால் 1827 அடிகள். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது.

மலைத்துக்கொண்டு இருந்தால் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். தோழி இரண்டு அடிகள் எழுதித் தந்தாள்:

மழைவந்த மாலையில் மண்வாசம் எழும்பும்
மனம்சோர்ந்த வேளையில் உன்பேச்சே மருந்து

நான் அதற்கு முன்னால் மூன்றடி சேர்த்தேன்:

ஏரிக் கரையிலே தவளைகள் புலம்பும்
எருமைகள் கொட்டில் நோக்கியே கிளம்பும்
இடியென்ன சொல்லுமோ வானமே விளம்பும்
மழைவந்த மாலையில் மண்வாசம் எழும்பும்
மனம்சோர்ந்த வேளையில் உன்பேச்சே மருந்து

இந்த மூன்று அடிகளுக்கு எனக்கு ஒரு முழு மாலை ஆயிற்று. எருமைகளுக்கும் மனம் சோர்வதற்கும் என்ன தொடர்பு என்று தோழி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. 'புலம்பும், கிளம்பும், விளம்பும்' என்று வந்துவிட்டு 'எழும்பும்' என்று ழகரத்தில் முடிவது ஓசைக்கு இடறுகிறது என்று தமிழாசிரியையும் சிவப்பு மையால் கோடிட்டார்கள். இப்படி ஒன்றிலேயே நாங்கள் தடுக்கி விழுந்தோம் என்றால், பிறமொழி ஒன்றில், அதன் மாபெரும் கவிஞருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 609 தடவை தடுக்காமல் நடந்தவரை என்னவென்று சொல்வது? அந்தத் தக்மீஸ் இன்றும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் ஓதப்படுகிறது. நபி பிறந்த மாதத்தில் கூடி அமர்ந்து ராகத்தோடு ஓதுவார்களாம். பாக்தாதில் வாழ்ந்து 1166-ஆம் ஆண்டில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி என்னும் ஞானியின்மீது அவர் பாடியதாகச் சொல்லப்படும் 'குத்பிய்யா' மலையாள நாட்டிலும் பரவியிருக்கிறது.

சதக்கத்துல்லா அப்பா வாழ்ந்த காலம் அமைதியான காலம் அன்று. அந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்புக்காகப் போர்த்துக்கீசியர்களும் மரைக்காயர்களும் நூறு ஆண்டுகளுக்கு மேல் மோதிக்கொண்டிருந்தார்கள். நம் மறைக்கல்வி வகுப்பில் புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்ததைப் படிக்கிறோம். காயல்பட்டினத்துக்கு அருகிலுள்ள புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்று, தமிழ் நூல்களை அச்சேற்றிய அன்றீக்கு அடிகளாரையும் பெருமையோடு படிக்கிறோம். அதே போர்த்துக்கீசியக் கப்பல்களைப் பற்றி என் தோழியின் வீட்டில் சொல்லும் கதை வேறு. வணிகம் அழிந்தது, ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தது என்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. 1658-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அப்போது சதக்கத்துல்லாவுக்கு வயது 26.

பின்னர் அவர் கீழக்கரைக்கு வந்து வாழ்ந்தார். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் வழக்கில் சொல்கிறோமே, அந்த வள்ளல் சீதக்காதியின் ஊர் அது. அவருடைய இயற்பெயர் செய்கு அப்துல் காதிர். அவர் சதக்கத்துல்லா அப்பாவைத் தம் குருவாகக் கொண்டவர். அந்நாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி. இந்தப் பெயரைக் கேட்டதும் நம் அருட்சகோதரிகளுக்கு வேறொரு நினைவு வரும். ஆம், 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டு உயிர்நீத்தது இதே சேதுபதியின் ஆட்சியில்தான். அன்று இதே சீமையில் கீழக்கரையில் 61 வயது அரபுக் கவிஞர் ஒருவர் தம் மாணவர்களோடு அமர்ந்திருப்பார். ஓரியூர்ச் செய்தி அவர் காதுக்கு எட்டியிருக்குமா? எட்டியிருந்தால் என்ன நினைத்திருப்பார்? அவருடைய வயதையும் ஆண்டையும் கணக்கிட்டபோது என்னால் இதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

உமறுப்புலவர் கதைக்கு மீண்டும் வருகிறேன். ஏனெனில், தமிழ் படித்த பலருக்கு சதக்கத்துல்லா அப்பாவைத் தெரியுமானால், மறுத்தவர் என்ற அளவில்தான் தெரிந்திருக்கும். உமறுவின் கோலத்தைப் பார்த்து மறுத்தார், பின்னர் கனவில் வந்த கட்டளையால் இசைந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. உடையைப் பார்த்து ஒரு புலவரை எடைபோடுவது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் தக்மீஸைப் பற்றித் தெரிந்துகொண்ட பின் இக்கதையை வேறு விதமாகவும் பார்க்கிறேன். அரபியில் நபியைப் பாடும்போது பழைய கவிஞரின் ஒரு சொல்லையும் அசைக்காமல் காத்தவர் அவர். அப்படிப்பட்டவரிடம், அரபி அறியாத ஒருவர் வந்து, அதே வரலாற்றைத் தமிழில் ஆயிரக்கணக்கான பாடல்களாகப் பாடப் போகிறேன் என்றால் அவருக்கு அச்சம் வருமா, வராதா? கதை பிழையாகிவிட்டால்? நம் வேதாகமக் கதையை ஒருவர் தம் விருப்பம்போலப் பாடப் புறப்பட்டால் நம் பங்குத்தந்தையும் சும்மா இருக்கமாட்டார்.

எப்படியாயினும் அவர் இசைந்தார் என்பதே முக்கியம். அவருடைய வழிகாட்டுதலின்படி உமறு பரங்கிப்பேட்டைக்குப் போய் லெப்பை அலி ஹாஜியாரிடம் வரலாற்றைக் கேட்டறிந்தார். சீதக்காதி காலமான பின், அதே பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். சீறாப்புராணம் எழுந்தது, 1842-ஆம் ஆண்டில் அச்சுக்கும் வந்தது. ஓர் அரபுக் கவிஞர் கதவைத் திறந்துவிட்டதால் ஒரு தமிழ்க் காவியம் உள்ளே வந்தது. அவர் மட்டும் வெளியே நின்றுவிட்டார்.

ஏன் நின்றுவிட்டார்? எங்கள் வகுப்பிலேயே இதைப் பற்றி ஒரு விவாதம் எழுந்தது. "அரபியில் எழுதியவர் எப்படித் தமிழ் இலக்கியத்தில் வருவார்?" என்றாள் ஒருத்தி. கேள்வி நியாயமானதுதான். அப்படியானால் அவர் எங்கே வருவார்? அரபு இலக்கியம் என்று பெரிய வரலாறு எழுதுகிறவர்கள் எகிப்தையும் சிரியாவையும் பாக்தாதையும் எழுதுவார்கள். கீழக்கரை வரை எத்தனை பேர் வருவார்கள்? தமிழ்க்காரர்கள் அரபிக் கவிஞர் என்று ஒதுக்க, அரபிக்காரர்களின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்க, அவர் எந்தப் புத்தகத்துக்கும் முழுதாகச் சொந்தமில்லாமல் போய்விட்டார். இத்தாலியிலிருந்து வந்து தமிழில் பாடியவரை நாம் தமிழர் என்று கொண்டாடுகிறோம். இங்கேயே பிறந்து, தமிழ் பேசி, அரபியில் பாடியவரை எதற்காக அயலார் ஆக்க வேண்டும்? இந்த வழக்கில் நான் என் தோழியின் கட்சி.

அவர் அரபியில் எழுதியதில் வியப்பும் இல்லை. வீரமாமுனிவர்கூட நம் பேச்சுத்தமிழின் இலக்கணத்தை லத்தீனில்தான் எழுதினார். அது 1738-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. எந்த நாட்டிலிருந்து வந்த குருவும் அதைப் படிக்க வேண்டுமல்லவா? அதுபோலக் காயலிலும் கள்ளிக்கோட்டையிலும் கொழும்பிலும் ஏமனிலும் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பொதுவாக இருந்த மொழி அரபி.

ஆனால் கேட்கிறவர்களுக்கு விளங்குமா என்ற கேள்வி இருக்கிறது. பாட்டியிடமே கேட்டேன். "எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது மகளே. சின்ன வயசுல என் உம்மா ஓதக் கேட்டு வந்தது" என்றார்கள். எனக்கு என் அம்மாயியின் நினைவு வந்தது. பூசை தமிழுக்கு மாறுமுன், 1960-களுக்கு முற்பட்ட கோயிலில், சிறுமியாக இருந்தபோது கற்ற லத்தீன் பாட்டுகளை அவர் இன்றும் அடுப்படியில் முணுமுணுப்பார். அர்த்தம் கேட்டால், "யாருக்குடி தெரியும், சாமிக்குத் தெரியும்" என்பார். அர்த்தம் தெரியாமல் பாடுவதில் பயன் இல்லை என்று அவரிடம் ஒருமுறை வாதாடியிருக்கிறேன். இப்பொழுது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனாலும், யாராவது நன்கு கற்றவர்கள் அந்த 609 பாடல்களையும் நல்ல தமிழில் எங்களைப் போன்ற மாணவிகளுக்கும் புரியும்படி தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சதக்கத்துல்லா அப்பாவின் அடக்கத்தலம் கீழக்கரையில் உள்ளது. சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அங்குள்ள பழைய ஜும்மாப் பள்ளிவாசலைக் கல்தூண்களோடு நம் கோயில்களின் சிற்ப முறையில் கட்டியிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1971-ஆம் ஆண்டு முதல் அவர் பெயரில் ஒரு கல்லூரி நடந்துவருகிறது. அங்கே படித்த உறவினர் ஒருவர் எங்களுக்கும் இருக்கிறார். கல்லூரியின் பெயருக்குரியவர் யார் என்று கேட்டேன். "யாரோ ஒரு பெரியவர்" என்றார்.

நான் விடைபெறும்போது தோழி என் நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நம் ஊரின் பெயரை அரபியில் எழுதித் தந்தாள். அரபியில் 'ப' இல்லையே, என்ன செய்வாய் என்றேன். பழைய அரபு யாத்திரிகர்கள் நம் கடற்கரைப் பட்டணங்களை 'ஃபத்தன்' என்றுதான் எழுதினார்களாம். அதன்படி நம் ஊரும் 'அயோத்தியாஃபத்தன்' ஆகிவிட்டது. பாட்டி அதை வாங்கிப் பார்த்தார்கள். அரபுத்தமிழில் எழுதினால் 'ப' உண்டே என்று சொல்லி, பேனாவை வாங்கி, அந்த எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தார்கள்.